ஹைகோர்ட் வரைக்கும் போன முனியாண்டி கிடா

வாங்க, வாங்க. பசியாறிட்டீங்களா? இல்லன்னா கீழ போயி ரெண்டு ரொட்டி சானாய் சாப்டுட்டு வந்து படிங்க. இது ஆட்டுக் கத. வெறும் வயித்தோட படிச்சா மண்டையில சட்டம் ஏறாது, பிரியாணிதான் ஏறும்.

என் பேரு தினேஷ். இந்த வக்கீல் ஆபீஸ்ல மோட்டோ ஓட்டுறது, கோர்ட்ல பேப்பர் சேக்குறது, வர்றவங்க அழுதா டிஷ்யூ குடுக்குறது, எல்லாம் இது வரைக்கும் நான்தான். பாரம் மூனு வகுப்போட பள்ளிக்கூடம் என்ன விட்டுருச்சு. நான் விடல, அதுதான் விட்டுச்சு. இந்த மாசத்தோட நான் ரிட்டையர். சிரிக்காதீங்க லா. மீச முழுசா மொளைக்காதவன் ரிட்டையர் ஆகக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? ரஹாங்ல மச்சானோட சேந்து கார் கழுவுற கட போடுறேன். கறுப்புக் கோட்டு போட்டவங்க காருக்கு ஸ்பெஷல் நுரை உண்டு.

"போறதுக்கு முன்னாடி புதுசா வந்த ரெண்டு பேருக்கும் உருப்படியா ஏதாச்சும் எழுதிக் குடுடா"ன்னு நம்ம பாஸ் வக்கீலம்மா சொல்லிட்டாங்க. அதான் எழுதுறேன். எந்த பைல் எந்த அலமாரியில, எந்த கவுண்டர்ல எந்த அக்கா நல்ல மூட்ல இருப்பாங்க, இதெல்லாம் நீங்களே கத்துக்குவீங்க. தங்கச்சி வேற டிப்ளோமா. தம்பி முடிக்கு ஜெல் போடுற நேரத்துல ரெண்டு டிப்ளோமா படிக்கலாம். நான் சொல்ல வர்றது வேற. ஒரு ஆளு முன்னாடி நிக்கிறாரு, நேரம் ஓடுது, நம்ம வாயில ஒரு பேச்சு ரெடியா நிக்குது. அந்த நேரத்துல என்ன செய்யணும்? அதுக்குத்தான் இந்த ஆடு.

நம்ம சுப்ரா அண்ணன்தான் கேஸ்காரரு. பாரோய்ல வீடு, ஸ்கூல் வேன் ஓட்டுறவரு. பொறந்தது வளந்தது எல்லாம் அங்கிட்டு ஒரு செம்பனைத் தோட்டத்துல. லயத்து ஜனங்க எல்லாம் டவுனுக்கு வந்துட்டாங்க, முனியாண்டி மட்டும் வரல. அவரு இன்னும் தோட்டத்துலயேதான் இருக்காரு. வருசா வருசம் பூசைக்கு எல்லாரும் அங்க போயிருவாங்க.

அண்ணன ஆட்டுத் திருட்டுக் கேஸ்ல பிடிச்சு, கீழ் கோர்ட்ல விசாரிச்சு, குத்தவாளின்னு ஜெயில் தண்டனையும் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் நம்ம ஆபீஸ் படி ஏறுனாரு. பாஸ் அப்பீல் போட்டு, அது முடியிற வரைக்கும் ஜாமீன் வாங்கிக் குடுத்தாங்க. தோத்தா அண்ணன் உள்ள. வேன் லைசென்ஸும் போச்சு. ஆடு திருடுன ஆளோட வேன்ல எந்த அம்மா பிள்ளைய ஏத்திவிடும்? ஏற்கெனவே பாதிப் பேரு வேற வேனுக்கு மாறிட்டாங்க. மிச்சம் இருக்குற பசங்க பின் சீட்ல உக்காந்துகிட்டு, வேன் திரும்பும்போதெல்லாம் "மே...ஏ..."ன்னு கத்துதுங்க. அண்ணன் கண்ணாடியில பாத்தா எல்லாம் கைய கட்டிட்டு நல்ல பிள்ளையா உக்காந்திருக்குமாம்.

பிடிபட்டதும் அந்த வேன்லதான். ஒரு சனிக்கெழம காலையில, பாரோய்லருந்து தோட்டத்துக்குத் திரும்புற முச்சந்தியில போலீஸ் நிறுத்துது. உள்ள பாத்தா ஜன்னல் சீட்ல ஒரு கறுப்புக் கிடா, வெளிய வேடிக்க பாத்துகிட்டு. சனிக்கெழம எக்ஸ்ட்ரா கிளாஸுக்குப் போற மாதிரி.

"இந்த ஆடு உங்களோடதா?"ன்னு போலீஸ் கேட்டாரு.

"என்னோடது இல்ல"ன்னாரு அண்ணன்.

ஆட்டுக் காதுல அடையாளப் பட்டை தொங்குது. தோட்டத்துக்குப் பக்கத்துல ஆட்டுக் கொட்டாய் வெச்சிருக்குற பாயோட பட்டை. பாயோட வேலைக்காரன் போன் அடிச்சு, பாய் போலீஸுக்கு அடிச்சு, இதெல்லாம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கோர்ட்லயும் அதே கேள்வி, அதே பதில். வக்கீல் வேணாம்னுட்டாரு. மொழிபெயர்ப்பாளர் வேணுமான்னு கேட்டதுக்கு, "எனக்கு மலாய் நல்லா வரும்"னுட்டாரு. வரும், யாரு இல்லன்னா. அந்த நல்ல மலாய்லயேதான் "என்னோடது இல்ல"ன்னு சொல்லி மாட்டிகிட்டாரு.

நம்ம ஆபீஸ்லயும் மனுசன் வாயே தெறக்கல. "பாத்து செய்யுங்க மா"ன்னு கைய மட்டும் கும்பிட்டாரு. பாயோட வேலைக்காரங்க ஆட்டுக் காதுல பட்டை மாத்தி அடிச்சிருப்பாங்க, ஆடு இவரோடதாத்தான் இருக்கும், பயத்துல ஒளறிட்டாருன்னு பாஸ் நெனச்சாங்க. அன்னைக்கு ஆபீஸ்ல வேற ரெண்டு கேஸ் தலைக்கு மேல. அதனால "இந்த ஆடு எனக்குச் சொந்தமானது"ன்னு ஒரு சத்தியப் பேப்பர் அடிச்சு என் கையில குடுத்தாங்க. தெமியாங்ல சத்தியக் கமிஷனர் ஆபீஸ்ல அண்ணன் கையெழுத்துப் போடணும். கோர்ட் கவுண்டர் மூடுறதுக்குள்ள நான் கொண்டு போயி சேக்கணும். அன்னைக்கு விட்டா தவணை போச்சு.

மாடிப்படி ஏறுனா அண்ணனும் அவரு சம்சாரம் லட்சுமி அக்காவும் பெஞ்சில உக்காந்திருக்காங்க. அக்காவப் பத்தி ஒன்னு சொல்லணும். அவங்க மெதுவாப் பேசுனாலே கீழ ரோட்ல மோட்டோ நிக்கும். கமிஷனர் ஒரு சீன அங்கிள். மத்தியான சாப்பாட்டுக்குக் கெளம்புற அவசரத்துல "செப்பாட் லா, செப்பாட்"ன்னு மேசையத் தட்டுறாரு. நான் பேப்பரத் தமிழ்ல படிச்சுக் காட்டுனேன். அண்ணன் பேனாவ எடுத்தாரு. கேட்டாரு. கீழ வெச்சுட்டாரு.

"இதுல போட மாட்டேன் தம்பி."

"ஏண்ணே, பேனா எழுதலியா?"

"ஆடு என்னுது இல்ல."

அலாமாக். இவ்வளவு நாளா இந்த மனுசனுக்காக வெயில்லயும் மழையிலயும் மோட்டோ ஓட்டுறேன், ஆளு நெசமாவே திருடனா?

அக்கா எந்திரிச்சுட்டாங்க. "யோவ்! போடுய்யா கையெழுத்த! நீ உள்ள போயி உக்காந்துட்டா வேன யாரு ஓட்டுறது? நானா? எனக்கு ரிவர்ஸே வராது!"

"நீ சும்மா இரு. எல்லாம் உன்னாலதான்."

"என்னாலயா? நானா ஆட்ட வேன்ல ஏறச் சொன்னேன்?"

பக்கத்துல காத்துகிட்டிருந்த ஒரு கண்ட்ராக்டர் அண்ணன் வேற சும்மா இருக்காம, "போடுங்க லா பிரதர். ஆடு என்ன, கோர்ட்டுக்கு வந்து இல்லன்னு சொல்லப்போவுதா?"ங்குறாரு. எனக்கும் அதே பேச்சுதான் நாக்கு நுனியில நின்னுச்சு. ஒரே ஒரு கையெழுத்து. போட்டாருன்னா நான் பறந்துருவேன்.

நான் வேலைக்குச் சேந்த புதுசுல பாஸ் ஒன்னு சொல்லியிருந்தாங்க. "ஒருத்தர் கையெழுத்துப் போட மாட்டேன்னா பேனாவ நீட்டாத. நாற்காலியப் போடு." அப்ப எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. இந்தம்மா வக்கீலா, பர்னிச்சர் கடக்காரியான்னு நெனச்சுக்கிட்டேன். அன்னைக்கு வேற வழி தோணல. பெஞ்சில இருந்தவர நல்ல நாற்காலியில உக்கார வெச்சேன். கீழ ஓடிப் போயி பால் போடாத டீ, தே ஓ, ஒன்னு வாங்கியாந்தேன். கமிஷனர் அங்கிளுக்கும் ஒன்னு. அவரு மொறைச்சாரு, ஆனா குடிச்சாரு.

"அண்ணே, உங்களோடது இல்லன்னா யாரோடதுண்ணே?"

"முனியாண்டியோடது" அப்டின்னாரு.

அப்பத்தான் கத வந்துச்சு. அக்காவுக்கு வயித்துல ஒரு பெரிய ஆப்பரேஷன். அண்ணன் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, பொண்டாட்டி நடந்து வீடு வந்தா ஒரு கிடா தர்றேன்னு முனியாண்டிக்கு நேந்துகிட்டாரு. அக்கா நடந்து வந்துட்டாங்க. (அதுக்கப்புறம் நிக்கவே இல்ல, அது வேற.) ஒரு குட்டிய வாங்கி வீட்டுப் பின்னாடி கட்டி வளத்தாரு. வேன் பசங்க அதுக்கு 'தவுக்கே'ன்னு பேரு வெச்சுதுங்க. நடக்குறது அப்டி, பெரிய மொதலாளி மாதிரி. தாமான் குடியிருப்புல பக்கத்து வீட்டுக்காரங்க நாத்தம், சத்தம்னு கம்ப்ளைண்ட் பண்ண, கழுத்துல மஞ்சத்துணி கட்டி, சூடம் காட்டி, தோட்டத்துக் கோயில்ல கொண்டு போயி அவுத்து விட்டுட்டாரு.

தவுக்கே செம்பனைக்கு நடுவுல கொஞ்ச நாள் சுத்தியிருக்கு. அப்புறம் பாய் கொட்டாயில நல்ல தீனி போடுறாங்கன்னு மோப்பம் பிடிச்சு அங்கயே போயி செட்டில் ஆயிருச்சு. மஞ்சத்துணி வேலியில மாட்டிக் கிழிஞ்சிருக்கும் போல. வேலைக்காரன் பாத்தான், எண்ணிக்கையில ஒன்னு கூட இருக்குன்னு சந்தோசமா காதுல பட்டை அடிச்சுட்டான். பூசை வந்துச்சு. அண்ணன் கிடாவத் தேடிப் போனாரு, பாய் கொட்டாயில பாத்தாரு, சாமி கிடா இங்க நிக்குதேன்னு தூக்கி வேன்ல போட்டாரு.

"பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே?"

"அவரோடதா இருந்தாத்தானே அவரக் கேக்கணும்?"

"சரி, போலீஸ்கிட்டயாச்சும் உங்க ஆடுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அண்ணன் என்னப் பாத்த பார்வ இருக்கே. "நேந்து விட்டாச்சு தம்பி. அதுக்கப்புறம் என்னோடதுன்னு எப்டி வாயால சொல்றது? குடுத்தத திருப்பிக் கேட்ட மாதிரி ஆயிடாதா? இவ நடந்து வந்ததுக்குக் குடுத்தது. ஜெயிலுக்குப் போனாலும் போறேன், அத மட்டும் சொல்ல மாட்டேன்."

லட்சுமி அக்கா அப்பத்தான் மொத மொதலா வாய மூடுனாங்க. முந்தானையால கண்ணத் தொடச்சுகிட்டு, "லூசு மனுசன்"ன்னாங்க. ரொம்ப மெதுவா. கீழ மோட்டோ எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு.

நான் பாஸுக்குப் போன் அடிச்சு எல்லாத்தையும் சொன்னேன். "ஸ்பீக்கர்ல போடு"ன்னாங்க.

"அண்ணே, சாமிக்கு அந்தக் கிடாவக் குடுத்தது யாரு?"

"நான்தாம்மா."

"தூக்கும்போது, பாய் ஆட்டத் திருடுறோம்னு மனசுல இருந்துச்சா?"

"எதுக்கும்மா இருக்கணும்? சாமி கிடாவ சாமிகிட்ட கொண்டு போறதுக்குப் பேரு திருட்டா?"

பாஸ் சிரிச்சுட்டாங்க. "இத நான் ஆபீஸ்லயே கேட்டிருக்கணும். தினேஷ், அந்தப் பேப்பரக் கிழி. வேற அனுப்புறேன். அண்ணே, நீங்க உங்க ஆடுன்னு சொல்லவே வேணாம். நடந்தத அப்டியே சொல்லுங்க. திருட்டுக்குக் கை மட்டும் பத்தாது, மனசும் வேணும். உங்ககிட்ட கைதான் இருந்திருக்கு."

புதுப் பேப்பர் வந்துச்சு. அண்ணன் கண்ணுல ஒத்திக்கிட்டு கையெழுத்துப் போட்டாரு. சாப்பாட்டுக்குப் போகாத கமிஷனர் அங்கிள் முத்திரை குத்திட்டு, "ஆடு நல்லா இருக்கா?"ன்னு கேட்டாரு. கவுண்டர் மூடுறதுக்குள்ள நான் எப்டிப் போனேன்னு கேக்காதீங்க. ரோட்டுச் சட்டம் வேற டிபார்ட்மெண்ட்.

இப்ப பாருங்க. அந்த மொத பேப்பர்ல நான் நச்சரிச்சு கையெழுத்து வாங்கியிருந்தேன்னா? கீழ் கோர்ட்ல என்னோடது இல்லன்னாரு, மேல் கோர்ட்ல என்னோடதுன்னு சத்தியம் பண்றாருன்னு பொய்க்காரர் ஆயிருப்பாரு. கேஸ் அங்கயே படுத்திருக்கும். தே ஓதான் காப்பாத்துச்சு.

இன்னொன்னு. அப்பீல் விசாரணைக்கு முன்னாடி ஒரு நாள் நாசி கண்டார் கடையில மத்தியானம் சாப்டுகிட்டிருக்கேன். முன்னாடி ஒரு தட்டு வந்து உக்காருது. பாத்தா, ஆட்டுக் கொட்டாய் பாய். நல்ல மனுசன். வெள்ளத் தொப்பி, வெத்தல போட்ட வாய்.

"தம்பி நீ அந்த வக்கீலம்மா ஆபீஸ்தானே? கேஸ் எந்த மட்டுல இருக்கு? அந்தக் கிடாவ விக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது, முடியிற வரைக்கும் வெச்சிருன்னு என் தலையில கட்டிட்டாங்கப்பா. தின்னு தின்னு யான மாதிரி இருக்கு. என் வேலைக்காரன முட்டித் தள்ளுது. அந்த ஆளு எதுக்குய்யா அத எடுத்தாரு? பாத்தா திருடன் மாதிரியும் தெரியல."

தம்பி, தங்கச்சி, என்னப் பத்தி உங்களுக்குத் தெரியும். எறும்பு கிட்டக்கூட நாலு வார்த்த பேசாம நான் போக மாட்டேன். 'நேந்து விட்ட கிடா பாய்'. அவ்வளவுதான். சொன்னா அந்த மனுசனுக்குப் புரிஞ்சிரும். ஆனா எதிர்த்தரப்பு சாட்சிகிட்ட நாம போயி கேஸ் பேசுனா, சாட்சியக் கலைச்சோம்னு ஆயிடும். அண்ணனோட சேந்து நானும் உள்ள. "பாய் இருக்குற பக்கம் தலைய வெச்சுப் படுத்தாக்கூட கால ஒடிப்பேன்"னு பாஸ் அப்பவே சொல்லியிருந்தாங்க. லட்சுமி அக்காவையும் போக விடாம பிடிச்சு வெச்சிருந்தோம்.

நான் ஒரு முழு முட்டைய வாயில போட்டுகிட்டேன். பேச முடியாது பாருங்க. பாய் பதிலுக்குக் காத்திருந்தாரு. நான் மென்னேன். இன்னும் மென்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"என்னப்பா, காரமா?"

தலைய ஆட்டிட்டு, தண்ணியக் குடிச்சுட்டு ஓடி வந்துட்டேன். வாய மூடிகிட்டு இருக்குறதும் வேலதான், தம்பி. சம்பளத்துல அதுக்குத் தனியா போட மாட்டாங்க. ஆனா அதுதான் கஷ்டமான வேல.

அப்பீல் நாள் வந்துச்சு. சுப்ரா அண்ணன் கல்யாணச் சட்ட போட்டு வந்திருந்தாரு. வயித்துப் பக்கம் ரெண்டு பட்டன இழுத்துப் பிடிச்சு மூடியிருந்தாரு. லட்சுமி அக்கா ஒரு பையில அவருக்குத் துண்டு, சோப்பு, மாத்து லுங்கி எல்லாம் கட்டிக் கொண்டாந்திருந்தாங்க. தோத்தா அப்டியே கூட்டிட்டுப் போயிருவாங்கள்ல. அந்தப் பையப் பாத்ததும் எனக்குக் கிண்டல் வரல.

பாஸ் எந்திரிச்சு, நடந்தத நடந்த மாதிரி சொன்னாங்க. கத்தல, மேசையத் தட்டல. நேந்துக்குறதுன்னா என்ன, விட்ட கிடாவ யாரும் சொந்தம்னு சொல்ல மாட்டாங்க, இவ்வளவுதான். அரசாங்கத் தரப்புல ஒரு மலாய்க்காரப் பொண்ணு. நீதிபதியும் ஒரு மலாய் அம்மா, மூக்கு நுனியில கண்ணாடி. அவங்க அரசாங்கத் தரப்பப் பாத்துக் கேட்டாங்க. மலாய்லதான் கேட்டாங்க, நம்ம பாஷையில இப்டி வரும்:

"தன்னோடது இல்லன்னு இவரு சொன்னப்ப, அப்ப யாரோடதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

அந்தப் பொண்ணு பைலப் பொரட்டுச்சு. முன்னாடி, பின்னாடி. அப்புறம் நிமிந்து நின்னு, நேர்மையா ஒரே வார்த்த சொன்னாங்க. "இல்ல, யாங் ஆரிஃப்." நீதிபதிய இங்க அப்டித்தான் கூப்புடணும். நீங்களும் பழகிக்குங்க, அங்க போயி "அக்கா"ன்னுடாதீங்க. தம்பி, ஒன்னத்தான்.

நீதிபதியம்மா கொஞ்ச நேரம் எழுதுனாங்க. அப்புறம் சொன்னாங்க: திருடணும்னு எண்ணம் இருந்துச்சுன்னு நிரூபிக்கல. தீர்ப்பு ரத்து. தண்டனை ரத்து. போலாம்.

அண்ணனுக்குப் புரியல. நல்லா மலாய் தெரியும்ல. "எத்தன மாசம் தம்பி?"ன்னு என் காதுல கேக்குறாரு. "சாகுற வரைக்கும் அக்காகூடத்தான் இருக்கணுமாம்ணே. அப்பீல் கெடையாது"ன்னேன். அப்பத்தான் அண்ணன் மூச்ச இழுத்து விட்டாரு, அந்தப் பட்டன் ரெண்டும் தெறிச்சுது.

வெளிய வராந்தாவுல பாய் நின்னாரு. உள்ள எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் வந்திருந்தாரு. நேரா அண்ணன் முன்னாடி வந்தாரு. அக்கா பைய இறுக்கிப் பிடிச்சுகிட்டாங்க.

"ஏன்யா, நேந்து விட்ட கிடான்னு மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? எங்கள்லயும் நேர்ச்ச இருக்குய்யா. தர்காவுக்கு விட்டத நான் தொடுவேனா? நானே லோரியில ஏத்திக் கோயில்ல எறக்கியிருப்பேனே!"

"நீங்க கேக்கலியே பாய்."

"நீயும் கேக்கலியே!"

ரெண்டு பேரும் மொறைச்சுகிட்டாங்க. அப்புறம் யாரு மொதல்ல சிரிச்சதுன்னு தெரியல. பாய் என்னப் பாத்தாரு. "இந்தப் பயலுக்கும் தெரியும். அதான் அன்னைக்கு முட்டைய வாயில அடைச்சுகிட்டு முழிச்சான்!"

சொன்ன மாதிரியே பூசைக்குப் பாயே லோரியில கிடாவ எறக்குனாரு. நானும் போயிருந்தேன். தவுக்கே எறங்குச்சு பாருங்க, அப்டி ஒரு ஒடம்பு. பூசாரி மால போட்டு, தலையில மஞ்சத்தண்ணி ஊத்துனாரு. கிடா ஒடம்ப சிலுப்புனாத்தான் சாமி சம்மதம். அது சிலுப்பல. இன்னொரு சொம்பு. நிக்குது. வேப்பெல போட்டு ஒரு கொடம். அப்பவும் நிக்குது, மால செவந்தியப் பிச்சுத் தின்னுகிட்டு. உருமி மேளக்காரங்களுக்குக் கையே வலிச்சுப் போச்சு. கடைசியில பூசாரி சொம்பக் கீழ வெச்சுட்டாரு.

"முனியாண்டி உத்தரவு குடுக்கல. இது இருக்கட்டும்னுட்டாரு. வேற யாருப்பா சேவல் கொண்டாந்தது?"

லட்சுமி அக்கா முனியாண்டியப் பாத்து பெருசா ஒரு கும்புடு போட்டாங்க. "ஹைகோர்ட்டே விட்டுருச்சு, அவரு விட மாட்டாரா?"ன்னாங்க. ஊரே சிரிச்சுது. கிடாவ மறுபடியும் கோயில்ல அவுத்து விட்டாச்சு. இந்தத் தடவ கழுத்துல மஞ்சத்துணி இல்ல, மணி.

போன வாரம் எனக்கு ஒரு போன். சுப்ரா அண்ணன். வேன் எல்லாம் நிறைஞ்சு ஓடுது, பசங்க எல்லாம் திரும்பி வந்துட்டாங்க. ஆனா கொரல் ஒரு மாதிரி இருந்துச்சு.

"தம்பி... தவுக்கே மறுபடியும் பாய் கொட்டாய்க்கே போயிருச்சுப்பா. நான் இங்க வேலிக்கு வெளியதான் நிக்கிறேன். என்னப் பாத்து கத்துது. யாரும் இல்ல. தூக்கிட்டு வந்துரட்டுமா?"

"அண்ணே! கைய பாக்கெட்ல போடுங்க! அங்கயே நில்லுங்க! பாய்க்குப் போன் அடிச்சுக் கேளுங்க மொதல்ல!"

"கேட்டா, யாரோட ஆடுன்னு கேப்பாரேப்பா?"

"சாமியோடதுன்னு சொல்லுங்க."

"சரி."

"அண்ணே, அதோட நிறுத்தாதீங்க. சாமிக்குக் குடுத்தது நான்தான்னும் சொல்லுங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் தவுக்கேயோட மணி கேட்டுச்சு. அப்புறம் அண்ணன் கொரல், ரொம்ப பவ்யமா, யாருக்கோ மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற மாதிரி:

"வணக்கம் பாய். நான் சுப்ரா பேசுறேன். ஒன்னு கேக்கணும்..."

என் லைனக் கட் பண்ணாமயே வாயாலயே ஒத்திகை பாக்குறாரு லா.